உடன் சென்ற இருவர்

மாண்டவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பது நம்மவரிடையே வேரூன்றிவிட்ட வழக்கம். கருமாதி வீட்டிலே நாலு பேர் கூடினால், “மகராசி, புருஷன் போன இடமெல்லாம் கூடவே போனாள், பிள்ளைகளை ஆளாக்கினாள்” என்று ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவ்வளவோடு அவள் வாழ்க்கையை முடித்து விடுகின்றோம். அவள் போனது அன்பினாலா, வேறு வழியின்மையாலா, அப்படிப் போவதற்கு வேறு எவரேனும் விலை கொடுத்தார்களா என்று கேட்பது அநாகரிகமாகக் கருதப்படுகிறது. ஆயினும் கேட்கத்தான் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். நளாயினி கணவனைக் கூடையிற் சுமந்த கதையைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன நம் காதுகளுக்கு, மெய்யாக வாழ்ந்த ஒரு படைவீரர் மனைவியின் வரலாறு சிறிது பயன்படக் கூடும்.

ஜூலியா டென்ட் என்னும் மங்கை 1826-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலே செயின்ட் லூயி நகரில் பிறந்து, நகரையடுத்த தந்தையாரின் பண்ணையிலே வளர்ந்தார். 1848-இல் யுலிசஸ் கிராண்ட் என்னும் இளம் படையதிகாரியை மணந்தார். அந்தக் கிராண்டே பின்னர் உள்நாட்டுப் போரில் வடபுலப் படைகளை வெற்றிக்கு நடத்தி, 1869 முதல் 1877 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராகவும் விளங்கியவர். பதவியை விட்டிறங்கியதும் கணவனும் மனைவியும் உலகைச் சுற்றிவரக் கப்பலேறினர். 1877 மே மாதம் பிலடெல்பியாவில் புறப்பட்டவர்கள் 1879 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கரையிறங்கினர். அந்த நெடும்பயணத்திலே அவர்கள் பம்பாயையும் கல்கத்தாவையும் ரங்கூனையும் கண்டு, நம்முடைய பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கூட வந்து போனார்கள் என்பது பலர் அறியாத செய்தி.

விருந்தும் மாலையும் நிறைந்த இந்தப் பிரயாணம் நமக்கு முக்கியமன்று. முன்னே நடந்த பிரயாணங்களே முக்கியம். மணமான புதிதில் டெட்ராயிட், சாக்கெட்ஸ் துறைமுகம் என்று குளிர்ப்பிரதேசப் படைவீடுகளில் அம்மையார் குடித்தனம் நடத்தினார். 1852-இல் படைப்பிரிவு பனாமா வழியாக மேல்கரைக்குப் போகும்படி உத்தரவாயிற்று. அப்போது அம்மையார் நிறைகர்ப்பிணி. ஆகவே உடன் செல்லவில்லை. செல்லாததே நலமாயிற்று, பனாமாவைக் கடக்கையில் வாந்திபேதி கண்டு, படைவீரரும் அவர்தம் மனைவி மக்களும் பலர் மாண்டனர். இங்கே பிறந்த இரண்டாம் மகனைத் தந்தை இரண்டாண்டுகளுக்குப் பிறகே கண்ணாற் கண்டார். தனிமை பொறாமல் கிராண்ட் 1854-இல் வேலையை உதறிவிட்டுத் திரும்பினார்.

நேயர்களே, இதைச் சற்று நின்று கவனியுங்கள். கணவன் இன்றி மனைவிக்கு வாழ்வில்லை என்றுதான் சாத்திரங்கள் ஓதுகின்றன. இங்கோ மனைவியின்றி நிலைகுலைந்தவர் பிற்காலத்தில் இலட்சக்கணக்கான வீரரை நடத்திய தளபதி. அம்மையாரோ பிள்ளைகளோடு நிமிர்ந்து நின்றார். அடுத்து வந்த வறுமை ஆண்டுகளிலும் அப்படியே. கணவர் கையாலே மரம் வெட்டிக் கட்டிய குடிசையிற் குடியிருந்தார்; அவர் விறகு வண்டியோட்டி செயின்ட் லூயித் தெருக்களில் விற்று வந்த காசில் அடுப்பெரித்தார். யார் யாரைப் பின்தொடர்ந்தார் என்பது, பக்கத்திலிருந்து பார்த்தால், அவ்வளவு எளிதில் தீர்ப்புக் கூறத்தக்க விஷயமன்று.

1861-இல் போர் மூண்டது. அம்மையார் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. கெய்ரோ, ஹாலி ஸ்பிரிங்ஸ், நாஷ்வில், சிட்டி பாயின்ட் என்று கணவரின் பாசறை அமைந்த இடங்களுக்கெல்லாம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்றார். 1862 டிசம்பரில் பகைவர் குதிரைப்படை ஹாலி ஸ்பிரிங்ஸில் புகுந்து கிடங்குகளைக் கொளுத்தியபோது, அவர் அவ்வூரை விட்டுப் புறப்பட்டு அதிக நேரமாகியிருக்கவில்லை. இன்னுமொன்று. போர் தொடங்கிய ஆண்டிலே பதினொரு வயது மூத்த மகனைத் தந்தை பாசறையிலிருந்து வீட்டுக்கனுப்ப முற்பட்டார். அனுப்ப வேண்டாம், தந்தையோடு போர் பயின்ற அலெக்சாந்தரை எண்ணிப் பாருங்கள் என்று தாய் எழுதினார். புறநானூற்றிலே ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயை வியந்து போற்றும் புலவர்கள் இந்தத் தாயையும் போற்றக் கூடும். நமக்கு வியப்பு வரவில்லை. அந்தச் சிறுவன் 1863-இல் விக்ஸ்பர்க் போர்முனையிலே காலில் காயம் பட்டான். பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை தாய்க்கு எங்கிருந்து வந்தது?

இனி இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம். பாசறைக்குப் பாசறை அம்மையார் பிள்ளைகளோடு போனார் என்றோமே, அப்பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உணவூட்டி, தூங்க வைத்தவள் யார்? அவளும் ஒரு ஜூலியா. சுருக்கமாக ஜூல் என்று அழைப்பார்கள். டென்ட் பண்ணையின் அடிமைப் பெண். அடிமை முறையைக் காப்பாற்ற எழுந்த தென்புலத்தாரை எதிர்த்துப் படை நடத்திய தளபதியின் கூடாரத்திலே, தளபதியின் பிள்ளைக்குத் தாதியாய் நின்றவள் ஓர் அடிமை! முதல் ஜூலியா சென்ற ஊர்களுக்கெல்லாம் இரண்டாம் ஜூலியாவும் சென்றாள். முன்னவர் சென்றதைப் பாசம் என்கிறோம். பின்னவள் சென்றதற்கு என்ன பெயர் வைப்பது?

அது அக்காலத்து வழக்கம், இக்கால அளவுகோலால் அளக்கலாகாது என்று சிலர் சமாதானம் கூறுவர். சாதி வழக்கத்துக்கும் இதே சமாதானத்தைத்தான் நம்மிடம் கூறுகிறார்கள். அக்காலம் என்பது ஒரே மனமுடையதன்று. கிராண்டின் தகப்பனார் அடிமை முறையை வெறுத்தவர். சம்பந்தி அடிமைகளை வைத்திருந்த காரணத்தாலே 1848-இல் மகன் திருமணத்துக்கே அவரும் மனைவியும் போகவில்லை. கிராண்டுங்கூட, 1859-இல் கைச்செலவுக்கே தத்தளித்த நிலையில், தம்மிடமிருந்த வில்லியம் ஜோன்ஸ் என்னும் அடிமையை விற்றுப் பணமாக்காமல் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். எனவே தவறு என்று சொல்லும் குரல் அம்மையாரின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் காதில் அது ஏறவில்லை. முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் தந்தையார் பண்ணையின் அடிமைகள் இன்பமாக வாழ்ந்ததாகவே அவருக்கு ஞாபகம்.

இந்நாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டிமாருக்கு இதைக் கேட்டால் புன்னகை வந்திருக்கும். கடல் கடந்து துரையோடு வந்து காட்டில் குடியிருந்த துரைசாணியின் மனவுறுதியைப் பலரும் புகழ்ந்ததுண்டு, புகழத்தக்கதுமாம். அவள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஆயாவோ, தன் குழந்தையை வேறெவர் கையிலோ கொடுத்துவிட்டு வந்தவள். அந்த ஆயாவுக்குக் கூலி உண்டு. ஜூலுக்கு அதுவும் இல்லை. அவ்வேறுபாட்டை மறைக்கலாகாது.

அப்படியானால் ஜூலியா அம்மையாரை மறந்து விடலாமா? அதுவும் நேர்மையன்று. 1884-இல் கூட்டாளி செய்த மோசடியால் குடும்பம் ஓட்டாண்டியாயிற்று. தொண்டைப் புற்றுநோயோடு போராடிக் கிராண்ட் தம் வரலாற்றை எழுதி முடித்துச் சில நாட்களில், 1885 ஜூலையில், கண்மூடினார்; அந்நூலின் வருவாய் விதவைக்கு நாலரை இலட்சம் டாலர் வரை கிடைத்தது. வெஸ்ட் பாயின்ட் படைக்கல்லூரியில் அடக்கம் செய்தால் பக்கத்தில் மனைவிக்கு இடமிராது என்பதனால், கிராண்ட் அவ்விடத்தை விரும்பவில்லை. நியூயார்க்கில் 1897-இல் திறக்கப்பட்ட கல்லறைக் கட்டடத்திலே இருவர் பேழைகளும் அருகருகே உள்ளன. 1893-இல், தோற்ற பக்கத்துத் தலைவரான ஜெபர்சன் டேவிஸின் விதவையைச் சந்தித்து அம்மையார் நட்புப் பூண்டார். அந்த நட்பிலே பெருந்தன்மை இருந்தது. அத்தகைய பெருந்தன்மைக்கு ஜூலை நோக்கி ஒரு வழி திறக்கவில்லையே என்பதுதான் நம் குறை.

அம்மையார் 1902-இல் எழுபத்தாறாம் வயதில் மறைந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் அச்சேற 1975 ஆயிற்று. அவற்றிலே அவர் மறைக்காமல் எழுதி வைத்த ஒரு செய்தி உண்டு. அதற்காக அவருக்கு நாம் நன்றி பாராட்டலாம். 1864-இல் அம்மையார் மிசௌரிக்குத் திரும்பிக் கொண்டிருந்தார். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அம்மாநிலத்துக்குப் பொருந்தாது; அங்கே காலெடுத்து வைத்தால் ஜூல் மறுபடியும் அடிமை. அதை அஞ்சியே போலும், வழியில் லூயிவில் நகரிலே அவள் அம்மையாரை விட்டு நீங்கினாள். அருமையான பெண் போய்விட்டாளே என்று தமக்கு வருத்தம் என்கிறார் அம்மையார். சிறிது காலத்துக்கெல்லாம் அவள் மணம் புரிந்து கொண்டாளாம்.