கலப்பு என்பது இழிவா?

கோவேறு கழுதையைச் சுட்டிக் காட்டிக் கலப்பை இகழ்வது நம்மவரிடையே நெடுநாள் வழக்கம். குதிரையும் கழுதையும் கூடிப் பிறந்த அவ்விலங்கு உழைக்கும், சுமக்கும். ஆயின் அதற்குச் சந்ததி இல்லை. “பார்த்தீரா, இயற்கையே கலப்பைச் சபித்துவிட்டது!” என்பர். கலப்பு மணப் பேச்சு எழும் வீடுகளில் இவ்வுவமையை யான் பன்முறை கேட்டதுண்டு. கேட்டவர் எவரும் மறுத்ததில்லை.

சாபம் என்ன என்பதைப் பார்ப்போம். குதிரையின் உயிரணுவில் 64 குரோமோசோம்கள் உள. கழுதைக்கு 62. இரண்டிலும் பாதி பெற்ற கோவேறு கழுதைக்கு 63. விந்தும் கருமுட்டையும் உண்டாகும்போது இவை இணை இணையாய்ப் பொருந்த வேண்டும்; ஈரினத்துக் கோல்கள் அங்ஙனம் பொருந்துவதில்லை. மலட்டுத்தன்மையின் காரணம் இவ்வளவே. இதனைத் தீர்ப்பென்று கொள்வோர் உடற்கூற்றை ஒழுக்கநூலாகப் படிக்கின்றனர்.

எல்லாக் கலப்பும் மலடாய் முடிவதும் இல்லை. பசிபிக் மாகடலிலுள்ள கலாபகோஸ் தீவுக் கூட்டத்தில் டாப்னே மேஜர் என்றொரு சிறு தீவு. அங்குள்ள பிஞ்ச் குருவிகளைப் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் தம்பதியர் 1973 முதல் ஆண்டுதோறும் அளந்து, காலில் வளையமிட்டு, வழிவழியாய்க் கணக்கெடுத்து வந்தனர். 1981இல் அத்தீவுக்கு ஓர் அயல் ஆண்குருவி வந்து சேர்ந்தது. உடல் பெரிது; அலகு பெரிது; பாட்டும் வேறு. 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பஞோலாத் தீவிலிருந்து அது வந்தது என்பது பிற்காலத்து மரபணுச் சோதனையால் தெரிந்தது. திரும்பிப் போக வழியற்ற அவ்வந்தேறி, உள்ளூர் நிலப்பிஞ்சுப் பேடையோடு கூடிக் குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் மலடாகவில்லை. ஆண்குஞ்சுகள் தந்தையின் பாட்டையே கற்றன. அப்பாட்டை உள்ளூர்ப் பேடைகள் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஒரு கொடும் பஞ்சத்தில் அவ்வழி முழுதும் மாண்டு, ஓர் ஆணும் அதன் உடன்பிறந்த பெண்ணுமே எஞ்சின. அவ்விரண்டும் கூடின. அதன்பின் அக்குலம் தனக்குள்ளேயே இணை தேடிப் பெருகிச் சுமார் 30 பறவைகளாயிற்று. 2017இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தபோது, ஒரு புதிய இனத்தின் பிறப்பைக் கண்ணாரக் கண்டோம் என அறிஞர் வியந்தனர்.

இத்தாலிச் சிட்டுக்குருவியும், தென் அமெரிக்காவின் சில வண்ணத்துப்பூச்சிகளும் இங்ஙனம் இரண்டினம் கலந்து பிறந்தனவே. மனிதன் மட்டும் விலக்கோ? ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேரூன்றிய மக்களின் மரபணுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு, மறைந்துபோன நியாண்டர்தால் மனிதருடையது என 2010 முதற்கொண்டு வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கோத்திரம் பார்ப்போர் கணக்கை எங்கிருந்து தொடங்குவரோ!

இவ்விடத்தில் சீர்திருத்தம் பேசும் நண்பர்கள் கைதட்டக்கூடும். சற்றுப் பொறுக்க. டாப்னே குருவிகள் கலப்பினால் பிறந்தன என்பது மெய். பிறந்தபின் கதவை அடைத்துக் கொண்டன என்பதும் மெய். முதற்செய்தியை நாம் எடுத்துக் காட்டினால், இரண்டாவதைத் தூய்மைவாதி எடுத்துக் காட்டுவான். குருவியின் செயல் நமக்கு விதியாகாது. கழுதையின் மலடும் விதியாகாது. மேலும், சாதிகள் இனங்கள் அல்ல. மாந்தர் அனைவரும் ஓரினமே. ஆதலின் இருவர் மணப்பதற்குக் குதிரையையும் கழுதையையும் உவமை கூறுவது, அடிப்படையிலேயே பிழைபட்ட வாதம்.

எனினும் என்னை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. ஸ்பெயின் நாட்டில் வெண்தலை வாத்து என்னும் அரிய இனம், 1977இல் 22 பறவைகளாய்க் குன்றி, பாதுகாப்பினால் மீண்டும் பெருகியது. இங்கிலாந்தில் வளர்ப்புக்கெனக் கொணரப்பட்ட அமெரிக்கச் செவ்வாத்து தப்பிப் பரவி, கடல் கடந்து வந்து அதனோடு கலக்கத் தொடங்கிற்று. கலப்புக் குஞ்சுகள் மலடல்ல. விட்டால் வெண்தலை வாத்து கரைந்தே போகும் என்று அஞ்சிய ஆங்கில அரசினர், செவ்வாத்துகளை ஆயிரக்கணக்கில் சுட்டு வீழ்த்தினர். கொணர்ந்தவன் மனிதன், குண்டேற்றது வாத்து. கலப்பு இழிவன்று என்று எழுதும் யான் இதனை எங்ஙனம் ஒப்புவது? நெடிது எண்ணியும் மனம் முழுதும் தெளியவில்லை. ஆயினும் ஒப்புகின்றேன். டாப்னேயில் இரண்டினம் கலந்து மூன்றாவது பிறந்தது. முன்னைய இரண்டும் இன்றும் உள. ஸ்பெயினிலோ இரண்டு ஒன்றாகி, ஓரினம் அடியோடு மறைந்திருக்கும். குருதியின் தூய்மைக்காகச் சுட்டிருந்தால் அது கொடுமை. இழந்தால் மீளா ஒன்றைக் காக்கச் சுட்டனர். இதுவும் துயரமே, ஆயினும் வேறு வகைத் துயரம்.

நம் நாட்டிலும் இவ்வினா வந்துவிட்டது. சபாவில் கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில் 2017இல் விந்தையான ஓர் இளங்குரங்கு படமெடுக்கப்பட்டது. நீள்மூக்குக் குரங்குக்கும் வெள்ளி மந்திக்கும் பிறந்ததாகலாம் என 2022இல் ஆராய்ச்சியாளர் எழுதினர். படங்களையும் உடல் அளவுகளையும் கொண்டே கூறினர், மரபணுச் சோதனை இல்லை. இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள் நெருக்க, ஆற்றோரக் காடு சிறு துண்டுகளாகி, இரு கூட்டமும் ஒரே மரங்களில் ஒண்ட நேர்ந்ததே காரணம் ஆகலாம் என்கின்றனர். 2020இல் அப்பெண்குரங்கு ஒரு குட்டியை மார்போடு அணைத்திருந்தது காணப்பட்டது. அதனைத் தொடாது விட்டு, கரையோரக் காட்டை மீண்டும் அகலப்படுத்துவதே செய்யத்தக்கது என்று எனக்குத் தோன்றுகிறது.