பேய் உருவம் கேட்ட இருவர்

'டுவைலைட்' வரிசையின் இரண்டாம் நாவல் 'நியூ மூன்'. ஸ்டெஃபனி மேயர் எழுதி 2006இல் வெளிவந்தது. 2009இல் படமாகவும் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் நம்ம இளையர் வகுப்புக்கு வரும் உயர்நிலைப் பள்ளித் தங்கைகளின் பையில் அது இருக்கிறது. போன மாதம் ஒரு பெற்றோர் என்னிடம், "பேய்க்கதையும் காதல்கதையும் சேர்ந்த குப்பை, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். எடுத்துச் சொல்வதற்கு முன் படிக்க வேண்டுமே! புக்கிட் பாஞ்சாங் நூலகத்தில் இரவல் வாங்கி, எல்ஆர்டியிலும் வீட்டிலுமாக ஒரு வாரத்தில் முடித்தேன். குப்பை என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு அந்த நூலோடு பெரிய சண்டை இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பெல்லா 18 வயது நிறையும் அமெரிக்கப் பெண். அவள் காதலிக்கும் எட்வர்ட் ஓர் இரத்தக் காட்டேரி. 1918இல் விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்தபோது அப்படி மாற்றப்பட்டவன். அன்றிலிருந்து அவனுக்கு 17 வயதுதான். நாவல் ஒரு கனவில் தொடங்குகிறது. பெல்லா தன் பாட்டியைப் பார்க்கிறாள். பிறகுதான் புரிகிறது, எதிரே இருப்பது கண்ணாடி. அந்தச் சுருங்கிய முகம் அவளுடையதே. காதலைவிட இந்தப் பயம்தான் கதையை ஓட்டுகிறது என்பேன். அவன் மாறமாட்டான், நான் கிழவியாகிவிடுவேன். அதனால் என்னையும் உன்னைப்போல் ஆக்கிவிடு என்று கேட்கிறாள். எட்வர்ட் மறுக்கிறான். காட்டேரிக்கு ஆன்மா கிடையாது, உன் ஆன்மாவை நான் பறிக்க மாட்டேன் என்பது அவன் கட்சி. கடைசியில், அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, 'நீ எனக்கு வேண்டாம்' என்று பொய் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

அதன்பின் நாவலில் சில பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும். விட்டுப்போனவர் ஒருவருக்காக அழுத யாருக்கும் அந்தப் பக்கங்கள் புரியும். பெரியவர்கள் சிரிக்க வேண்டாம். எனக்கு அங்கே பெல்லாவைவிட அவள் அப்பா சார்லியை நினைத்துத்தான் தொண்டை அடைத்தது. இரவில் மகள் அலறுவதைக் கேட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மனிதர். அப்புறம் ஜேக்கப்போடு சேர்ந்து பழைய மோட்டார்சைக்கிள்களைப் பழுதுபார்க்கிறாள். மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்குகிறாள். நாவலின் நல்ல பகுதி அதுதான்.

என் சண்டை எங்கே என்றால், ஆபத்தில் சிக்கும்போதெல்லாம் பெல்லாவுக்கு எட்வர்டின் குரல் கேட்கிறது. அதனால் அவள் ஆபத்தைத் தேடிப் போகிறாள். மோட்டார்சைக்கிளில் விழுகிறாள், மலைமுகட்டிலிருந்து கடலில் குதிக்கிறாள். நாவல் இதைக் கண்டிப்பதில்லை. காதலின் ஆழத்துக்குச் சான்றாக வைக்கிறது. நம்மை நாமே காயப்படுத்திக்கொண்டால் போனவர் திரும்பி வருவார் என்ற எண்ணம் 15 வயதில் நிஜமாகவே வரக்கூடியது. கதையில் எட்வர்ட் திரும்பி வருகிறான். நிஜத்தில் வருவது ஆம்புலன்ஸ்.

படித்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு பெண் என் நினைவுக்கு வந்துவிட்டார். அவரும் கணவனால் கைவிடப்பட்டவர், அவரும் பேய் உருவம் கேட்டவர். காரைக்காலில் வணிகர் வீட்டில் பிறந்த புனிதவதி. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குக் கொடுத்துவிட்டார். மதிய உணவில் ஒன்றைத் தின்ற கணவன் இன்னொன்றும் கேட்க, இறைவன் அருளால் அவர் கையில் ஒரு கனி வந்தது. அதிசயத்தைக் கண்ட கணவனுக்குப் பயம் பிடித்தது. வியாபாரம் என்று கப்பலேறியவன், திரும்பியபின் பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். உறவினர்கள் அவரை அங்கே அழைத்துப் போனபோது, மனைவி மகளோடு அவர் காலில் விழுந்தான். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை இது.

அந்த இடத்தில் புனிதவதி செய்ததை யோசித்துப் பாருங்கள். "ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்க" என்று கேட்கவில்லை. இவனுக்காகச் சுமந்த இந்தத் தசையும் அழகும் இனி எனக்கு எதற்கு, பேய் உருவம் தா என்று இறைவனிடம் கேட்டார். எலும்பும் தோலுமாகிக் கயிலை மலையில் தலையால் நடந்து ஏறினார். இறைவன் அவரை அம்மையே என்று அழைத்தார்.

பெல்லா காட்டேரி உருவம் கேட்பது அழகு போகாமலிருக்க. அம்மையார் பேய் உருவம் கேட்டது அழகு போவதற்காக. ஒருத்திக்கு உருவமே பிடிமானம், இன்னொருவருக்கு அது இறக்கி வைக்க வேண்டிய பாரம்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு தங்கை விடவில்லை. "அக்கா, புருஷன் போயிட்டான், சிவனைப் பிடிச்சுக்கிட்டாங்க. பெல்லாவும் அதைத்தானே பண்றா? ஆள்தான் வேற." நல்ல கேள்வி, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். முதலில், சிவன் அவருக்குக் கணவன் போன வெற்றிடத்தில் வந்தவரல்ல. பேச்சுப் பழகிய வயதிலிருந்தே அந்த அன்பு இருந்தது. கணவனின் மாங்கனியை அடியாருக்குக் கொடுத்ததும் அந்த அன்புதான். பெல்லாவுக்கு எட்வர்ட் வருவதற்கு முன் என்ன பிடிக்கும், எதற்காக எழுந்திருப்பாள் என்று நாவல் அதிகம் சொல்வதில்லை. ஆகவே அவன் போனதும் அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை. அடுத்தது, அம்மையார் கேட்ட வரம். அழியாத அன்பு வேண்டும், பிறவாமை வேண்டும், பிறந்தாலும் உன்னை மறவாமை வேண்டும், நீ ஆடும்போது உன் அடியின்கீழ் பாடிக்கொண்டிருக்க வேண்டும். இதில் 'நீ எனக்கு மட்டும்' என்ற பேச்சே இல்லை. தன்னை ஒன்றுமில்லாமல் ஆக்கிக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. 'அற்புதத் திருவந்தாதி' உட்பட நான்கு நூல்கள் பாடினார். சோழர் காலத்து வெண்கலச் சிலைகளில் தாளம் பிடித்து அமர்ந்திருப்பார். அப்படி ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விலா எலும்பு எண்ணக்கூடிய உடம்பு, ஆனால் பாடிக்கொண்டிருக்கும் முகம்.

எட்வர்டின் ஆன்மாக் கவலைக்கும் நம்ம மரபில் பதில் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் உயிர் தோன்றுவதும் இல்லை, அழிவதும் இல்லை. யாரும் கடித்துப் பறிக்க முடியாது. உயிரை மறைப்பது மலம், அது திருவருளால் விலகக்கூடியது. பேய்களும் பூதங்களும் சிவனுக்குப் புறம்பானவை அல்ல. சுடுகாட்டில் அவர் ஆடும்போது சுற்றி நிற்பவை அவைதான். எட்வர்டை வளர்த்த கார்லைல், தாமும் ஒரு காட்டேரியாக இருந்துகொண்டு மருத்துவராக உயிர்களைக் காப்பாற்றுகிறார். நம் போன்றவர்களுக்கும் கதி இருக்கலாம் என்று நம்புகிறார். அவர்தான் நமக்கு நெருக்கமானவர். அந்த நாவலில் ஒரே ஒரு பாத்திரத்தோடு தேநீர் குடிக்கலாம் என்றால் நான் அவரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கடைசியாக அந்த 17 வயது. என்றும் பதினாறாக இருப்பவர் நமக்கும் ஒருவர் உண்டு, மார்க்கண்டேயர். எமனிடமிருந்து அவர் காப்பாற்றப்பட்ட தலம் திருக்கடையூர். அங்கே பதினாறு வயதாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு யாரும் போவதில்லை. 60 வயது நிறைந்தவர்களும் 80 நிறைந்தவர்களும் போய் மறுபடி மாலை மாற்றிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் நம்ம தாத்தா பாட்டிகள் போய் வருகிறார்கள். வீட்டில் அந்தப் படங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெல்லா கனவில் கண்டு நடுங்கிய அதே முகம்தான், கழுத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறது.