கல் எடை நீங்கலாக

நகைக் கடன் கொடுக்கும்போது கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்தை மதிப்பிடுகிறோம். கழித்தது வைரமா கண்ணாடியா என்பதில் எங்கள் படிவத்துக்கு அக்கறை இல்லை. இந்த அலட்சியம் எனக்குப் பிடித்தே இருந்தது, அம்மாவின் தோட்டை மெருகுக்குக் கொடுக்குமுன் கிளையின் அப்ரைசரிடம் காட்டும்வரை. காதுக்கு ஏழாகப் பதினாலு கல். லென்ஸில் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் ஊதினார். "பதிமூணு சரி சார். இது அமெரிக்கன் டயமண்ட்."

வைரம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் மூச்சுப் பனி அதன்மேல் தங்குவதில்லை. ஸிர்க்கோனியாவில் சற்று நிற்கிறது. அதன் பட்டை விளிம்புகளும் மழுங்கியிருந்தன. மாற்றியிருக்கக்கூடியவர் அப்பா ஒருவர்தான். அவர் இப்போது இல்லை. எந்தச் செலவுக்காக என்று யூகிக்கலாம். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த மூன்று வருஷங்களும் அந்த யூகத்துக்குள் வருகின்றன.

அம்மா அதைப் 'புளூ ஜாகர்' என்பாள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கம் நம் வீடுகளில் இப்படிச் சுருங்கியது. சுரங்கம் 1971இல் மூடப்பட்டது; பெயர் ஒரு நிறத்தின் பெயராகத் தங்கிவிட்டது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டுச் சில கற்கள் நீலமாக ஒளிர்வதே அந்த நிறம். பட்டை தீட்டிய கல்லை வைத்துச் சுரங்கத்தைச் சொல்ல ஆய்வுக்கூடத்தாலும் பொதுவாக முடியாது. அம்மாவின் பெருமையில் பாதி எப்போதுமே சொல்வழி வந்ததுதான்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைப் பதித்துவிடு என்றார் ஒரு நண்பர். 1954இல் ஜெனரல் எலக்ட்ரிக் கடும் அழுத்தத்தில் செய்ததை இன்று மீத்தேன் வாயுவிலிருந்து சில வாரங்களில் செய்கிறார்கள். அதே கார்பன், அதே கட்டமைப்பு. கடைக்காரரின் வெப்பப் பேனா வித்தியாசம் காணாது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018இல் வைரத்தின் வரையறையிலிருந்து 'இயற்கையான' என்ற சொல்லையே நீக்கிவிட்டது. பொருளளவில் ஆட்சேபணைக்கு இடமில்லை. ஆனால் அம்மாவிடம் சொல்லாமல் பதித்தால், அப்பா அரைகுறையாகச் செய்ததை நான் திறமையாகச் செய்து முடிப்பதாகும். அவருடைய கல் ஒரு ஊதலில் அகப்பட்டது. என்னுடையதைப் பிடிக்க யந்திரம் வேண்டும்.

விமர்சனத்தில் 'போலி' என்ற வார்த்தையை நான் தாராளமாக உபயோகித்திருக்கிறேன். (எவரைச் சொன்னேன் என்பது இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குத் தெரியும்.) இப்போது எண்ணிப் பார்த்தால், பல சமயம் கவிதையைப் படிக்காமல் அதன் பூர்வீகத்தைத்தான் விசாரித்திருக்கிறேன். பழமையின் மேல் நமக்குள்ள பக்தியும் இதில் சேர்ந்தது. பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே உருவான இயற்கை வைரங்களில் பெரும்பாலானவை 100 கோடி வருஷத்துக்கும் முந்தியவை. 300 கோடியைத் தாண்டியவையும் உண்டு. இந்த எண்கள் என் பிரக்ஞையில் எங்கும் ஒட்டவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தோட்டைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவிய வருஷங்கள் ஒட்டுகின்றன. அவ்வருஷங்களின் தேய்மானம் பதிமூன்று வைரங்களில் எங்கும் இல்லை. மழுங்கிய அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

இதைக் கண்டபின் அதைப் பிடுங்கச் சொல்லவும் கை வரவில்லை. விட்டுவைப்பது நேர்மை என்றும் சொல்ல மாட்டேன். தோடு மேஜை டிராயரில் இருக்கிறது. "மெருகு போட்டாச்சாடா?" என்று அம்மா நேற்றும் கேட்டாள். ஆசாரி ஊரில் இல்லை என்றேன்.