தேவகியின் ஆறு மக்கள்



உத்ஸவ காலத்தில் மங்களமானவற்றையே பேசுவது வழக்கம். ஆயினும், திருவீதியில் எழுந்தருளும் எம்பெருமானைச் சேவிக்கக் கூடியிருப்போருள், கருவிலோ தொட்டிலிலோ மகவைப் பறிகொடுத்த பெற்றோரும் இருப்பர். அவர்களுக்கு நாம் செய்யத்தக்கது யாது?

ஸ்ரீமத் பாகவதம், தசம ஸ்கந்தம், 85-ஆம் அத்தியாயம் இதற்கு விடை தருகிறது. கம்ஸன் மாய்த்த ஆறு மக்களைத் தேவகி மறக்கவில்லை. ஆண்டுகள் பல கழிந்தன, கம்ஸனும் ஒழிந்தான், ஸர்வேச்வரனே மகனாக அருகில் இருக்கிறான். அப்படியிருந்தும், இறந்த மக்களைக் காண வேண்டும் என்று கண்ணீர் மல்க அவனிடம் வேண்டினாள்.

கண்ணன் செய்ததை ஊன்றி நோக்குக. “நான் இருக்க, அவர்களை ஏன் நினைக்கிறாய்?” என்று அவன் கேட்கவில்லை. “அது அவரவர் கர்மம்” என்றும் கூறவில்லை. கீதையை அருளிய திருவாய் அங்கே உபதேசம் செய்யப் புகவில்லை. தமையனுடன் ஸுதலம் சென்று, மஹாபலியிடமிருந்து அறுவரையும் அழைத்து வந்து அன்னையிடம் அளித்தான். அவள் மடியிலிருத்தி, உச்சி மோந்து, பாலூட்டினாள். பின்னர் அவர்கள் வணங்கி விண்ணுலகு சென்றனர். அவர்கள் தங்கியது சிறு பொழுதே. எனினும் தாயின் துயரத்தைப் பெருமான் மதித்தான்.

கண்ணனின் குழந்தைப் பருவத்தை இழந்த தேவகியின் புலம்பலாகவே குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் 7-ஆம் திருமொழியைப் பாடினார். அழுவது பக்திக் குறைவாயின், ஆழ்வார் அவ்வழுகையைத் தம் வாக்காக ஏற்றிருப்பாரோ?

ஆகவே, “வேறு குழந்தை பிறக்கும்” என்று அவசர ஆறுதல் கூற வேண்டா. ஒரு மகவுக்கு மற்றொரு மகவு ஈடாகாது. “என்ன பாவம் செய்தாளோ” என்னும் சொல் நம் நாவில் வரலாகாது. தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் குறைபாட்டால் கலைவன என்பது மருத்துவம் கண்ட உண்மை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 19 லட்சம் குழந்தைகள் உயிரின்றிப் பிறந்தன. இத்தனை தாய்மாரும் குற்றவாளிகளோ?

இறந்த குழந்தையைக் காணத் தாய் விரும்பினால் மறைக்காதீர்கள். பெயரிட்டிருந்தால் அப்பெயரைச் சொல்லியே பேசுங்கள். குழந்தை இல்லாதபோதும் பால் சுரந்து மார்பு கனத்து வலிக்கும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாய் திறவாது நிற்கும் தந்தையின் துக்கத்தையும் கேட்டறியுங்கள். வளைகாப்புக்கு அவளை அழைக்காது ஒதுக்காதீர்கள். அவள் வாராதிருப்பின் குறையும் கூறாதீர்கள். ஓராண்டு சென்றபின்னும் அந்த நாளை நினைவில் வைத்து அவர்கள் இல்லம் செல்லுங்கள்.

பெற்ற தாயின் கண்ணீரைப் பெருமானே பொறுமையுடன் கேட்டான். அவன் அடியார்களாகிய நாமும் அவ்வண்ணமே செவி சாய்ப்போமாக!

சுபம்.