பற்றா? பக்தியா?

பகுத்தறிவாளனுக்குப் பற்று ஆகுமா? ஓர் ஊரின் குளிரிலும், ஒரு பழம் பேனாவிலும் உள்ளத்தைப் பறிகொடுப்பவன், கல்லைத் தொழுபவனைக் கண்டிக்க உரிமை உடையவனா? இளந்தோழர்கள் எழுப்பும் வினா இது. கூரிய வினா! "அது வேறு, இது வேறு" என்று கூறி நழுவ நாம் விரும்பவில்லை.

மறைமலை நகரைக் காண்போம். மார்கழி விடியலில், காலை ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளர், தலையில் குல்லாயும் கையில் தேநீருமாகச் சாலையோரம் நிற்பர். வெப்பம் இருபது பாகையளவுக்கு இறங்கியிருக்கும். இமயத்தார் கேட்டால் நகைப்பர்! நமக்கோ அதுவே குளிர்காலம். ஆண்டு முழுதும் வெந்தவர்க்கு வாய்த்த விருந்து. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால், கதிரவன் தெற்கே தாழ்கிறான், இரவு நீள்கிறது. காரணம் தெரிந்ததால் நமது இன்பம் கடுகளவேனும் குறைந்ததா? இல்லையே!

இதே மார்கழியைப் புனிதம் என்று போற்றுவோரே, 'பீடை மாதம்' என்று மணவினைக்கு மறுக்கின்றனர். விந்தை! நாளும் கோளும் பாராது நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கு, 1967-இல், அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றம் ஏற்பளித்தது. குளிரை நேசித்தவர் பஞ்சாங்கத்துக்கு அஞ்சவில்லை. போகியன்று டயர் கொளுத்துவோரும் தம் ஊரை நேசிப்பவரே; ஆயினும், 2018 போகிப் புகையால் சென்னையில் விமானங்கள் தடுமாறியதை மறக்கலாமா? ஊரை விரும்புபவன், "இந்தப் புகை என் ஊரின் குழந்தைகளின் மூச்சைக் கெடுக்கிறது" என்று சொல்லத் துணிய வேண்டும். பக்தனோ, "மரபு, வாய் திறவாதே" என்பான்.

இந்நகர் தாங்கும் பெயருக்குரிய மறைமலையடிகள் (1876–1950) சைவர். கடவுளைப் பற்றி அவர் கருத்து நமது கருத்தன்று. ஆயினும், வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவரை நாம் விரும்புகிறோம், மறுக்க வேண்டியதை மறுத்துக்கொண்டே. அவர் திரட்டிய நூல்கள் நூலகமாயின. பூட்டிவைத்துச் சூடம் காட்டுவதற்கல்ல, படிப்பதற்கு!

இனி, பேனா. எழுத்து சிலர்க்கே உரியது என்றிருந்த நாட்டிலே, கைநாட்டு வைத்தவரின் பேரன் சட்டைப்பையில் ஊற்றுப் பேனாவைச் செருகியது வெறும் அழகுக்காகவா? பெருவிரலை மையில் தோய்த்த குடும்பம், மையைத் தன் விரல்களால் ஆளத் தொடங்கியதற்கு அது அடையாளம். அந்தப் பழம் பேனாவை எறிய மனம் வராதது மூடத்தனம் அன்று; நன்றி.

ஆனால், சரசுவதி பூசையன்று அதே பேனாவுக்குச் சந்தனம் அப்பி, "இன்று எழுதாதே, படிக்காதே" என்கிறார்கள்! எழுதுகோலைத் தெய்வமாக்கி, எழுத்தை நிறுத்துவதா கலைமகளுக்குச் சிறப்பு? அதன் ஆற்றல் எங்கே இருக்கிறது? முள்ளின் நடுவே ஓடும் மெல்லிய பிளவில்! நுண்குழாய்க் கவர்ச்சியால் மை அதன் வழியே தாளை அடைகிறது. 1884-இல் அமெரிக்கர் வாட்டர்மன் காப்புரிமை பெற்றது, மை சீராய் இறங்கும் வழியை அமைத்ததற்கே. ரப்பரும் கந்தகமும் சேர்ந்து இறுகிய எபோனைட் தண்டை, திருவள்ளூரில் இன்றும் கடைசல் எந்திரத்தில் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். அந்தக் கைகளுக்கு மாலையிட்டவர் உண்டோ?

நமது அணியையும் விடுவதற்கில்லை. கலைஞரின் நினைவாகக் கடலில் 134 அடிப் பேனாச் சின்னம் அமைக்கும் திட்டம் 2022-இல் வந்தபோது, தோழர் சிலர் கேள்வி கேட்டவரையெல்லாம் பகைவர் என்றனர். மீனவர் எழுப்பிய ஐயமும் பகையா? எழுதி எழுதியே உயர்ந்த தலைவரைப் போற்றுவோர், ஐயத்தை அடக்கலாகாது.

பழம் பேனா கசியும்; முள் வளையும். பற்றுடையவன் என் செய்வான்? கழற்றுவான், வெதுவெதுப்பான நீரில் கழுவுவான், முள்ளை நிமிர்த்துவான், எழுதிப் பார்ப்பான். மறைமலை நகரின் அடைபட்ட வடிகாலுக்காக நகராட்சிக்கு மனு எழுத, அதுவே போதும்.