மீதி விலையைச் செலுத்துபவர் யார்?



கள்ளாமை என்னும் அணுவிரதத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "அது நமக்கு எளிய விரதம், நாம் யார் வீட்டுப் பூட்டை உடைத்தோம்?" என்று கூறும் இல்லறத்தார் பலரைக் கண்டிருக்கிறேன். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற கார்த்திகை மாதம் எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு சிறு கொள்முதல் அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. வாங்க வேண்டியிருந்த பொருள் ஒரு மடிக்கணினி.

என் தங்கையின் பேத்தி கோபிசெட்டிபாளையத்தில் சிறு வணிகம் ஒன்று நடத்தி வருகிறாள். பவானியில் கைத்தறியில் நெய்யப்படும் ஜமக்காளங்களையும் சென்னிமலைப் போர்வைகளையும் நெசவாளரிடம் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறாள். இதுவரை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மாதக் கடைசியில் கணக்கரிடம் கொடுத்து வந்தாள். சரக்கு சேவை வரி 2017 சூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பின்னர் வரி அறிக்கைகள் யாவும் கணினிவழியே தரப்படுவதால், தானே அதனைச் செய்து பழக விரும்பினாள். கையில் இருந்த தொகை 30,000 ரூபாய். கடன் வாங்க அவளுக்கு மனமில்லை.

விசாரித்ததில் மூன்று வழிகள் தென்பட்டன. அவள் விரும்பிய புதிய கணினி 40,000 ரூபாய்க்கு மேல். பெரிய அலுவலகம் ஒன்று பயன்படுத்திக் கழித்து, பழுது நீக்கப்பெற்ற கணினி பில்லோடு 23,600 ரூபாய், "பில் வேண்டாமென்றால் 20,000 போதும், எல்லா மென்பொருளையும் நானே இலவசமாக ஏற்றித் தருகிறேன்" என்றார் கடைக்காரர். மூன்றாவது, அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினி. ஒருவர் 6,000 ரூபாய்க்குக் கொடுக்க முன்வந்தார்.

"பாட்டி, இவற்றுள் எது மலிவு என்று நீங்களே சொல்லுங்கள்" என்றாள் பேத்தி.

"முதலில் உனக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல், கண்ணு" என்றேன்.

வாங்கும் எவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே. பொருள் வரைதல் என்னும் விரதம் பொருளே வேண்டாம் என்று இல்லறத்தாருக்குக் கூறவில்லை. எல்லை வகுத்துக்கொள் என்றே கூறுகிறது. இருவரும் ஒரு தாளில் எழுதினோம். பட்டியல் போடவும், கணக்கு வைக்கவும், கடிதம் எழுதவும், வரித்துறைத் தளத்தில் நுழையவும் 8 ஜிபி நினைவகமும், 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகமும், தட்டெழுத ஏற்ற விசைப்பலகையும் போதும். திரைப்படத் தொகுப்புக்கும் விளையாட்டுக்கும் உரிய ஆற்றல் அவளுக்குத் தேவையில்லை. தாள் நிறைந்தபோது 40,000 ரூபாய்க் கணினி தானாகவே விலகிக்கொண்டது. அளவறிந்த பின் ஆசை வாதாடுவதில்லை.

எஞ்சியவை இரண்டு. அவற்றுள் மிகக் குறைந்த விலைக்கு வந்ததை முதலில் எடுத்துக்கொண்டோம்.

தமிழ்நாடு அரசு, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கியது. நான் பணி ஓய்வு பெற்ற பின்னர் வந்த திட்டம் அது. பல இலட்சம் எளிய வீடுகளில் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது அதனால்தான். அரசு அதற்குச் சூட்டிய பெயர் 'விலையில்லா மடிக்கணினி'. விலையில்லாத பொருளுக்கு 6,000 ரூபாய் என்று விலை வைப்பது எவ்வாறு? "கொடுத்த பின் அது மாணவனுடையது அன்றோ? அவனுக்குப் பணத்தேவை இருந்தால் விற்கக்கூடாதா?" என்று பேத்தி கேட்டாள். நேர்மையான கேள்விதான். கல்லூரிக் கட்டணத்திற்காக ஏங்கும் பிள்ளையின் முகம் எனக்கும் தெரியும்.

விசயமங்கலம் சந்திரப்பிரபர் ஆலயத்திற்குச் செல்லும்போது விளக்குக்கென்று எண்ணெய் கொடுக்கிறோம். விளக்கில் ஊற்றியது போக மிஞ்சியதை எவரேனும் தம் வீட்டுச் சமையலுக்கு எடுத்துச் சென்றால் நாம் ஒப்புவோமா? கொடுத்தவர் பொருளை மட்டும் கொடுப்பதில்லை. அதனோடு ஒரு நோக்கத்தையும் சேர்த்தே கொடுக்கிறார். கல்விக்கென்று மக்கள் வரிப்பணத்தில் கொடுக்கப்பட்டதை வணிகத்திற்கென்று நாம் வாங்கினால், பிள்ளைக்கு உதவியதாகாது. அவன் இடர்ப்பாட்டில் நாம் ஆதாயம் கண்டதாகும். உதவ வேண்டுமானால் கட்டணத்தைக் கொடுப்போம். கணினி அவனிடமே இருக்கட்டும். மேலும், பள்ளிகளில் வைக்கப்பட்டிருந்த இத்தகைய கணினிகள் களவுபோன செய்திகளும் வந்ததுண்டு. மூன்று கை மாறி நம்மிடம் வருவது எந்த வழியில் புறப்பட்டது என்பதை எவ்வாறு அறிவோம்?

இனிக் கடைக்காரர் தருவதாகச் சொன்ன 'இலவச' மென்பொருளுக்கு வருவோம். இங்கேதான் பேத்திக்கும் எனக்கும் வாதம் நீண்டது. "அந்த நிறுவனம் அமெரிக்காவில் உள்ளது, கோடி கோடியாகச் சம்பாதிக்கிறது. என் ஒரு பிரதியால் அதற்கு என்ன நட்டம்? எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றாள்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் பாடங்களுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவரை அழைத்துச் செல் என்பது. அவளுக்குத் தெரிந்தது ஜமக்காளம். அங்கிருந்தே தொடங்கினேன்.

பவானி ஜமக்காளம் 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய வகைகளுள் ஜமக்காளமும் ஒன்று. அவ்வாறிருந்தும் விசைத்தறியில் நெய்தவை 'பவானி ஜமக்காளம்' என்ற பெயரிலேயே சந்தையில் குறைந்த விலைக்கு விற்கின்றன. தறிக்குழியில் காலிறக்கி அமர்ந்து நெய்தவரின் கூலி அந்தப் போலியால் குறைகிறது. இதைப் பற்றி என் பேத்தி பேசத் தொடங்கினால் கண்கள் சிவந்துவிடும்.

"போலியை வாங்குபவர் உன்னிடம் வந்து, 'எல்லோரும் வாங்குகிறார்கள், என் ஒரு ஜமக்காளத்தால் நெசவாளருக்கு என்ன நட்டம்?' என்று கேட்டால் என்ன சொல்வாய்?" என்றேன். அவள் விடை கூறவில்லை. நெசவாளர் ஏழை, நிறுவனம் செல்வம் மிக்கது என்ற வேறுபாடு உண்மைதான். ஆயினும் விரதம் உடையவரின் செல்வத்தை அளப்பதில்லை. எடுப்பவரின் கையையே பார்க்கிறது.

உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் களவுக்குத் தரும் இலக்கணம், பூட்டை உடைப்பது அன்று. கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வதே களவு. அதன் ஏழாம் அத்தியாயம் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களாக ஐந்தினைக் கூறுகிறது: களவைத் தூண்டுதல், களவாடிய பொருளைப் பெறுதல், அரசு நெறிக்கு மாறாக நடத்தல், அளவைகளில் ஏற்றக்குறைவு செய்தல், போலியை மெய்ப்பொருளாக வழங்குதல். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் வணிகர்களுக்கு உரைத்த அந்த ஐந்தில் மூன்றோ நான்கோ, ஒரு கணினி வாங்கும் சிறு நிகழ்ச்சியில் நம் எதிரே வந்து நின்றன. நாட்டின் சட்டமும் இதில் விலகி நிற்கவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63-பி பிரிவில், உரிமமற்ற மென்பொருளை அறிந்தே பயன்படுத்துவோருக்குச் சிறைத்தண்டனையும் குறைந்தது 50,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. தன் தொழிலின் ஆதாயத்திற்குப் பயன்படுத்தாதவருக்கு மட்டுமே அதில் சலுகை காட்ட வழியுண்டு, வணிகருக்கு இல்லை.

கொடுக்கப்படாததை எடுக்கலாகாது என்றால், கொடுக்கப்பட்டதை மகிழ்ந்து பெறலாம் அன்றோ? ஆக்கியவர்களே அனைவருக்கும் என்று வழங்கியுள்ள மென்பொருள்கள் பல உள்ளன. இயங்குதளத்திற்கு லினக்ஸ் உண்டு. கடிதமும் கணக்கும் எழுத 2010இல் தோன்றிய லிப்ரே ஆபீஸ் உண்டு. அதனைத் தமிழ் இடைமுகத்தோடும் பயன்படுத்தலாம். ஒரே 'இலவசம்' என்னும் சொல். ஒன்று தானம், மற்றொன்று களவு. கொடுத்தவர் யார் என்று கேட்டால் வேறுபாடு விளங்கிவிடும்.

பில் இல்லாமல் வாங்கும் ஆதாயத்தையும் கணக்கிட்டோம். 20,000 ரூபாய்க்கு 18 விழுக்காடு வரி 3,600, மொத்தம் 23,600. வரிப்பதிவு பெற்ற வணிகர், தம் தொழிலுக்கு வாங்கிய கணினியின் பில்லில் காட்டிய வரியைத் தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அவளுக்கு மிச்சமே இல்லை. பொதுப்பணத்திற்கு மட்டுமே இழப்பு. பழுது ஏற்பட்டால் கேட்கும் உரிமையும் பில் இல்லாவிடில் போய்விடும். வரியைக் கழித்துக்கொள்ள இயலாதவருக்கும் என் விடை ஒன்றே. அவருக்கு விரதத்தின் விலை 3,600 ரூபாய், அவ்வளவே.

முடிவில், கழித்த கணினியையே பில்லோடு வாங்கினோம். வாங்குமுன் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும், அதனோடு வந்த இயங்குதள உரிமம் மெய்யானதா என்றும் பார்த்தோம். விண்டோஸ் 10 பதிப்புக்கு அதனை ஆக்கியவர் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டமையால், அடுத்த பதிப்பை அக்கணினி ஏற்குமா என்பதையும் உறுதி செய்துகொண்டோம். கணக்கு மென்பொருளுக்கு உரிய கட்டணத்தைச் செலுத்தினாள். எல்லாம் சேர்ந்தும் 30,000 ரூபாயைத் தாண்டவில்லை. "எதையும் ஏற்ற வேண்டாமா அம்மா?" என்று கடைக்காரர் வியப்போடு இருமுறை கேட்டார்.

இவ்வளவும் எழுதிய நான் குற்றமற்றவள் அல்லேன். பணியாற்றிய காலத்தில் பள்ளிச் சுண்ணக்கட்டிகளை என் பிள்ளைகள் விளையாட வீட்டிற்குக் கொண்டு வந்திருக்கிறேன். 'ஒரு துண்டுதானே' என்று அன்று எனக்கு நானே கூறிக்கொண்ட சொல்லும், 'ஒரு பிரதிதானே' என்று பேத்தி கூறிய சொல்லும் ஒன்றே என்பதை இந்த வயதில் உணர்ந்தேன். அவளிடமும் அதைச் சொன்னேன்.

அன்பர்களே, விலை குறைவாக இருப்பது குற்றமன்று. சிக்கனம் நம் குடும்பங்களின் அணிகலன். ஆனால், ஒரு பொருள் அதன் தகுதிக்கும் மிகக் குறைந்த விலையில் நம்மிடம் வரும்போது, மீதி விலையை வேறு யாரோ செலுத்தியிருக்கிறார் என்று ஐயுற வேண்டும். அவர் நெசவாளராக இருக்கலாம், மாணவனாக இருக்கலாம், முகமறியாத ஒரு மென்பொருள் தொழிலாளியாகவும் இருக்கலாம். அவர் யார் என்று ஒரு கணம் நின்று கேட்போம். எவரும் இல்லை என்று தெளிந்தால், அதுவே மெய்யான மலிவு.

அறம் வளர்க!