அஞ்சினார்க்கு அபயம்



இல்லறத்தார் ஆற்றவேண்டிய தானங்கள் அன்னம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்கு. முதல் மூன்றையும் நம்மவர் இயன்ற அளவு செய்து வருகின்றனர். நான்காவதாகிய அபயதானத்தை மட்டும், கொலைக்களம் செல்லும் ஆட்டையும் கோழியையும் மீட்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அதுவும் நல்லறமே. ஆயினும் செய்யாத குற்றத்திற்குத் தண்டனை பெற்றுச் சிறையில் நடுங்கும் மனிதனும் அஞ்சிய உயிரன்றோ? தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்னும் சொல் வழங்குகிறது. அடைக்கலம் அளிப்பதை நம் முன்னோர் பேரறமாகவே போற்றினர்.

"சிறைப்பட்டவன் தன் பழவினையை நுகர்கிறான், நாம் இடையே புகுவானேன்?" எனச் சிலர் வினவுவர். இவ்வினாவிற்கு இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்திலேயே விடை உண்டு. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயருடையவனாய்ச் சிங்கபுரத்தில் வாழ்ந்தான். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். அவ்வினையே மதுரையில் அவனுக்குப் பயன் தந்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைக்கிறது.

இவ்வாறு வினையைக் காரணமாகக் கூறிய காப்பியம் பாண்டியனைக் குற்றமற்றவன் என்று கூறிற்றா? இல்லை. பொற்கொல்லன் சொல் ஒன்றையே கேட்டு, கோவலன் தரப்பைக் கேளாமலே கொலைக்கு ஆணையிட்ட பிழை மன்னனுடையதே. அதனை உணர்ந்த அளவில் அவன் அரியணையிலேயே உயிர் நீத்தான். துன்புறுவோனின் அசாதா வேதனீய கர்மம் அவனுடையது. துன்புறுத்துவோனின் செயலும், அறிந்தும் வாளாவிருப்போனின் நெஞ்சக் கடுமையும் அவரவர்க்குப் புதுவினையாகப் பந்திக்கின்றன. பிறர் வினையைக் காட்டி நம் கடமையினின்று நீங்க ஜினாகமம் இடந்தரவில்லை.

கண்ணகியோ விதியென்று சொல்லி வீட்டில் அமர்ந்துவிடவில்லை. அரசவைக்குச் சென்று வழக்குரைத்தாள். அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து, தன் சிலம்பிலுள்ள பரல் மாணிக்கம் என்று சான்று காட்டி, மாண்ட கணவன்மேல் சுமத்தப்பட்ட பழியைத் துடைத்தாள். நம் சமயத் துறவியாகிய கவுந்தியடிகளும் கோவலனுக்கு நேர்ந்ததைக் கேட்டு உண்ணாநோன்பு பூண்டு உயிர் துறந்தார்.

நம் காலத்தில் நிகழ்ந்த ஒன்றையும் காண்போம். ஜப்பான் நாட்டின் ஷிசுவோகா மாநிலத்தில் 1966-ஆம் ஆண்டு ஒரே குடும்பத்தார் நால்வர் கொலையுண்டனர். அக்குடும்பத்தாரின் தொழிற்சாலையில் பணிபுரிந்தவரும் முன்னாள் குத்துச்சண்டை வீரருமான ஹகமடா இவாவோ கைது செய்யப்பட்டார். பல நாட்கள் கடுமையாக விசாரிக்கப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர், நீதிமன்றத்தில் அதனை மறுத்தார். ஓராண்டுக்கு மேல் கழிந்தபின், சோயா அவரைப் பசை ஊறவைக்கும் தொட்டியிலிருந்து இரத்தக்கறை படிந்த ஆடைகள் எடுக்கப்பட்டன. அவற்றைச் சான்றாகக் கொண்டு 1968-இல் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பளித்த மூவருள் ஒருவரான குமாமோட்டோ நோரிமிச்சி, மறு ஆண்டே பதவியைத் துறந்தார். அவர் குற்றமற்றவர் என்றே தாம் கருதியதாக 2007-இல் வெளிப்படையாகக் கூறி வருந்தினார்.

சம்பாபுரியில் அரசியின் பொய்ப்பழியால் கொலைத்தண்டனை பெற்ற சுதர்சனருக்குத் தேவர்கள் துணை வந்தனர். ஹகமடாவுக்குத் துணை நின்றவர் அவருடைய தமக்கை ஹிதெகோ. மனநலம் குன்றித் தம்பி தம்மைக் காண மறுத்த காலத்திலும் அவ்வம்மையார் சிறைவாயிலுக்குச் செல்வதை நிறுத்தவில்லை. அத்தனை காலம் பசையில் ஊறிய கறை செந்நிறமாக இருத்தல் இயலாது என்று வழக்கறிஞர்கள் நிறுவினர். 2014-இல் அவர் சிறையினின்று வெளிவந்தார். 2024 செப்டம்பர் 26-இல், சான்று புனையப்பட்டது எனக் கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்போது தம்பிக்கு வயது 88, தமக்கைக்கு 91.

அகிம்சாணுவிரதத்தின் அதிசாரங்களாகக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவு நீர் தடுத்தல் ஆகிய ஐந்தைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. சத்தியாணுவிரதத்தின் அதிசாரங்களுள் பொய்ப்பத்திரம் புனைதலும் ஒன்று. குற்றமற்றவனைச் சிறையிட்டுப் பொய்ச்சான்று எழுதுமிடத்தில் இவ்விரு விரதங்களும் ஒருங்கே சிதைகின்றன. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவு கட்டுவது ஏகாந்தம். பல பக்கங்களையும் ஆராய்வது அநேகாந்தம். ஆகவே ஆராயாது ஒருவனைக் குற்றவாளி என்பதும் தவறு. ஆராயாது குற்றமற்றவன் என்பதும் தவறு. உண்மையைத் தேடியறிந்த பின்னரே பேசுதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை யாவை? செவிவழிச் செய்தியை நம்பி ஒருவனைக் கள்வன் எனப் பழிக்காதிருத்தல் முதற்கடமை. காவலில் உள்ளவர்க்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழங்கியுள்ளது. இதனை அறியாத ஏழைக் குடும்பத்தை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் அழைத்துச் செல்வதும் அபயதானமே. நம் சமூகத்து வழக்கறிஞர்கள் ஆண்டுக்கு ஒரு வழக்கையேனும் ஊதியமின்றி ஏற்கலாம். கண்டவர்கள் அஞ்சாது சாட்சி சொல்லலாம். சிறைப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தலாம். பழிக்கு அஞ்சி ஊரார் விலகிச் சென்ற அவ்வீட்டிற்குச் சென்று நலம் விசாரிக்கவேனும் நம்மால் இயலும்.

வரும் தசலட்சண பருவத்தில் சத்திய தருமத்தைச் சிந்திக்கும் நாளில், ஒவ்வொரு குடும்பமும் இவற்றுள் ஒன்றையேனும் நியமமாக ஏற்குமாக. அஞ்சினார் அச்சம் நீங்குக! ஜினதருமம் ஓங்குக!